இலையில்லாக் காலம்

மொட்டைமாடி என்ற சொல்லை நாற்பது வருடங்களாக யோசிக்காமலே புழங்கி வந்திருக்கிறேன். 2024 மார்கழியில்தான் அதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது. எங்கள் மாடியில் மூன்று தொட்டிகளில் வளர்ந்த மூன்று சீமை அத்திச்செடிகளும் ஓர் இலைகூட மிச்சமில்லாமல் உதிர்த்துவிட்டு, யாரோ மண்ணில் செருகி வைத்துவிட்டுப் போன சுள்ளிகளைப் போல நின்றன. மேற்கே திரும்பினால் மலை. விடிவதற்கு முன்பே முந்தல் சாலையில் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களைச் சுமந்துகொண்டு அந்த வெளிச்சப் புள்ளிகள் மறைந்தும் தெரிந்தும் போடிமெட்டு நோக்கி நகர்வதைப் பார்த்தபடி, நான் கையில் பூவாளியுடன் நிற்பேன். பிறகு மூன்று தொட்டிகளுக்கும் தண்ணீர் ஊற்றுவேன். மாலையிலும் ஊற்றுவேன். இந்தக் கட்டுரை அந்தத் தண்ணீரைப் பற்றியது.

செடிகள் அம்மா வைத்தவை. இரத்தம் குறைவாக இருக்கிறது என்று சொல்லி யாரோ அவளுக்கு உலர்ந்த அத்திப்பழம் சாப்பிடச் சொன்னார்கள். கயிற்றில் கோத்து வட்டமாக விற்பார்களே, அந்தப் பழம். தினம் இரண்டு பழங்களை இரவில் ஊறவைத்துக் காலையில் தின்பாள். விலையைக் கேட்ட நாளிலிருந்து, இதை நாமே வளர்த்தால் என்ன என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது. பெரியகுளம் பக்கத்து நாற்றங்கால் ஒன்றிலிருந்து பூனா அத்தி என்று சொல்லி மூன்று கன்றுகளை நான்தான் வாங்கிவந்தேன். இரண்டு வருடம் அவள் கையில் வளர்ந்தன. முதல் வருடம் இலை மட்டும். இரண்டாம் வருடம் பதினேழு பழங்கள். எண்ணி, நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தாள். 2024 ஆவணியில் அம்மா இறந்தாள். கார்த்திகை முடிவதற்குள் செடிகள் இலையுதிர்க்கத் தொடங்கின. அந்த நேரத்தில் அதை நான் எப்படி எடுத்துக்கொண்டிருப்பேன் என்பதை வாசிப்பவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அத்தி நமக்குப் புதிய மரமல்ல. கொட்டகுடி ஆற்றின் கரையில் அடிமரமெல்லாம் கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்கும் நாட்டு அத்தியை இந்த ஊரில் பிறந்த எவரும் பார்த்திருப்பார்கள். சங்க இலக்கியம் அதை அதவம் என்கிறது. குறுந்தொகையில் பரணர் பாடல் ஒன்றில், ஆற்றோரத்து அதவ மரத்திலிருந்து விழுந்த ஒற்றைப் பழத்தை ஏழு நண்டுகள் மிதித்துச் சிதைக்கும் காட்சி வருகிறது. ஊரார் வாய்ப்பட்ட ஒரு பெண்ணின் நிலைக்கு அது உவமை. ‘அத்தி பூத்தாற்போல’ என்று அரிய வரவைச் சொல்கிறோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. அதன் பூக்களெல்லாம் காய் என்று நாம் நினைக்கும் உருண்டைக்குள்ளேயே பூத்து முடிந்துவிடுகின்றன. நாட்டு அத்திக்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்க அதற்கென்றே ஒரு சின்னஞ்சிறு குளவி உண்டு. சீமை அத்தியில் நாம் வளர்க்கும் வகைகளுக்கு அந்தக் குளவியும் வேண்டியதில்லை. யாரும் வராமலே பழுத்துவிடும். வெளியே தெரியாமல் எல்லாவற்றையும் உள்ளுக்குள் நடத்திக்கொள்ளும் மரம் அது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், புத்தகத்தில் படித்ததால். ஆனால் தெரிந்தது ஒன்றும் கைக்கு இறங்கவில்லை.

கார்த்திகை மழை விட்டதும் இலைகள் மஞ்சளாயின. அடிப்புறத்தில் செம்பழுப்பாக ஒரு பொடி. கையால் தடவினால் விரலில் ஒட்டும். ஐந்து விரல் போல அகன்றிருந்த இலைகள் காம்போடு கழன்று ஒவ்வொன்றாக விழுந்தன. நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை தண்ணீர் போதவில்லையோ என்று இருவேளை ஊற்றினேன். சத்துக் குறைவோ என்று கடலைப்புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து விட்டேன். அதற்கும் அசையாததால், மலைக்குப் போகும் நண்பர் ஒருவரிடம் சொல்லி, ஏலத்தோட்டத்து நிழல்மரங்களின் அடியிலிருந்து கரியநிற மக்கு மண் ஒரு சாக்கு வரவழைத்தேன். ஏலச்செடியையே வளர்க்கும் மண் இந்தச் சுள்ளியை வளர்க்காதா? அதைத் தொட்டிகளின் வாய்வரை நிரப்பினேன். கடைசியாக, வாடைக்காற்று படக்கூடாதென்று மூன்று தொட்டிகளையும் மாடிப்படிக்கட்டின் ஓரத்து நிழலுக்கு நகர்த்தினேன். ஒவ்வொன்றும் அன்பினால் செய்தது. ஒவ்வொன்றும் தவறு.

டொரண்டோவில் இருக்கும் தங்கையிடம் தொலைபேசியில் புலம்பினேன். அங்கே தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைச் செடிக்கு நடக்கும் உபசாரத்தைக் கேட்டிருப்பீர்கள். கோடையில் வெளியே வெயில் காயும். குளிர் தொடங்குமுன் தொட்டியோடு வீட்டுக்குள் வந்து ஜன்னலோரத்தில் குடியேறும். தை பிறப்பதற்குள் இலையெல்லாம் கொட்டிவிடும். “அண்ணே, ரெண்டு செடியைத் தண்ணி ஊத்தியே கொன்னுருக்கேன். மூணாவதைத்தான் சும்மா விட்டேன், அது பிழைச்சுக்கிச்சு. இலை இல்லைன்னா தண்ணியைக் குறைண்ணே” என்றாள். கனடாவின் குளிர் வேறு, போடியின் குளிர் வேறு என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவள் அங்கே இருந்துகொண்டு அம்மாவின் செடியைப் பற்றி எனக்குச் சொல்வதா என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் நாற்பது வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வாரம் முழுவதும் மலையில். சனிக்கிழமை இரவு கீழே இறங்கி, திங்கள் விடியலில் திரும்ப ஏறிவிடுவார். ஏலத்தையே ஏலம் விட்டுப் பிழைக்கும் ஊர் எங்களுடையது. அந்த ஊரில் ஏலம் அறிந்த மனிதருக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் வீட்டில் அவர் விருந்தாளியைப் போலத்தான் இருந்தார். ஓய்வு பெற்று இறங்கிய பிறகும் மாடித்தோட்டம் அம்மாவின் ராஜ்ஜியம், “தொட்டிச் செடியெல்லாம் ஒரு செடியா?” என்பதோடு அவர் கருத்து முடிந்துவிடும். அம்மா போனபின் அவர் மாடிப்படி ஏறவேயில்லை. எண்பத்திரண்டு வயது, முழங்கால் வலி என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று நாங்கள் நம்புவதாகக் காட்டிக்கொண்டோம்.

எனக்கும் அவருக்கும் இடையில் சொல்லப்படாத ஒரு மனத்தாங்கலும் இருந்தது. அம்மாவின் கடைசி மூன்று வாரங்களில் அவளுக்கு உணவு இறங்கவில்லை. நான் விடவில்லை. கஞ்சியை வடிகட்டி, பழத்தை மசித்து, ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று ஊட்டிக்கொண்டேயிருந்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் அந்தப் பக்கம் போய் உட்காருவேன். வாசற்படியில் நின்று அப்பா ஒருநாள், “விடுப்பா. போதும். அவளுக்கு வேண்டியிருந்தா கேப்பா” என்றார். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். வாழ்நாளெல்லாம் மலையில் இருந்தவருக்கு இது எப்படித் தெரியும் என்றும் நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும்.

தை முதல் வாரத்தில் முதல் செடியின் தண்டு சுருங்கி, பட்டை வரிவரியாக மடிந்தது. வேறு வழியில்லாமல் அப்பாவிடம் போய், “அப்பா, அம்மாவோட அத்தி மூணும் போயிரும்போல இருக்கு. ஒருவாட்டி வந்து பாக்குறீங்களா?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எனக்கு அத்தியைப் பத்தி என்ன தெரியும்?” என்றார். ஆனால் எழுந்துவிட்டார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

மாடிக்கு வந்தவர் செடியைப் பார்க்கவேயில்லை. தொட்டி மண்ணில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்குச் செருகினார். வெளியே எடுத்து முகர்ந்தார். “இங்க வா, மோந்து பாரு” என்று என்னிடம் விரலை நீட்டினார். புளித்த வாடை. தேங்கிய சாக்கடையின் அருகே வருமே, கிட்டத்தட்ட அது. “இது அழுகல் வாடை. மலையில தொடர்மழை பிடிச்சா ஏலத்துல இந்த வாடைதான் வரும். இலை பழுக்கிறதுக்கு முன்னாடியே வாடை சொல்லிரும். எவ்வளவு தண்ணி ஊத்துறே?” என்றார். நான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிடக் கடினமாக இருந்தது.

பிறகு கட்டைவிரல் நகத்தால் தண்டின் பட்டையை மெல்லச் சுரண்டினார். முதல் செடியில், உள்ளே உலர்ந்த பழுப்பு. அடிவரை சுரண்டியும் பழுப்புதான். இரண்டாவது செடியில் நுனிகள் பழுப்பு, ஒரு சாண் கீழே வந்ததும் பச்சை. மூன்றாவதில் நுனியிலேயே பச்சை. கத்தி பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு துளிப் பாலும் கசிந்தது. “ஒண்ணு போச்சு. ரெண்டு தூங்குது” என்றார். இலை இல்லை என்பதால் செடி இல்லை என்று ஆகாது. இந்தச் சோதனை ஒரு நிமிட வேலை. ஒன்றரை மாதமாக அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை.

“தண்ணி இல்லாமத்தான் இலை கொட்டுதுன்னு நெனச்சேன்” என்றேன். அவர் மேற்கே கை காட்டினார். குரங்கணிச் சரிவுகளில் இலவமரங்கள் நின்றன. போடியின் இலவம்பஞ்சு பெயர் பெற்றது. அந்த மரம் ஒவ்வொரு வருடமும் குளிர்காலத்தில் முற்றாக இலையுதிர்த்து, வெற்றுக்கிளைகளிலேயே பூத்துக் காய்க்கும். கைகளை நேராக நீட்டியது போன்ற அந்தக் கிளைகளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். “அதுக்கு யாரு போய்த் தண்ணி சுமந்து ஊத்துறா?” என்றார் அப்பா. எனக்குப் பதில் இல்லை. மலையில் நின்றால் இயற்கை. மாடியில் நின்றால் மரணம். தொட்டிக்குள் வைத்த ஒன்றை நம் பொறுப்பாகவும், பொறுப்பை நம் அச்சமாகவும் எவ்வளவு சுலபமாக மாற்றிக்கொள்கிறோம்! இலவு காத்த கிளி என்பார்கள். நான் காத்திருக்கக்கூடத் தெரியாத கிளி.

பின்னர் வாசித்தும் விசாரித்தும் புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செடி தண்ணீரை மேலே இழுப்பது பெரும்பாலும் இலைகளின் வழியே நீர் ஆவியாவதால்தான். இலை இல்லாத செடி ஏறக்குறையத் தண்ணீர் குடிப்பதே இல்லை. ஊற்றுவதெல்லாம் தொட்டியிலேயே நிற்கும். வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் திணறி அழுகும். நிலத்தில் இருக்கும் மரம் என்றால் மிகுந்த நீர் ஆழத்துக்குப் போய்விடும், தொட்டியில் போக இடமில்லை. நான் போட்ட மக்கு மண் அந்த ஈரத்தை இன்னும் பிடித்து வைத்தது. அதுவுமன்றி ஏலக்காட்டு மண் புளிப்புத்தன்மை கொண்டது. அத்தியோ சற்றே சுண்ணாம்பு கலந்த, நீர் வடியும் மண்ணை விரும்புகிறது. புண்ணாக்குக் கரைசல், உண்ண வாயில்லாதவனுக்கு வைத்த விருந்து. நிழலுக்கு நகர்த்தியது, மண் காய்வதற்கிருந்த ஒரே வழியையும் அடைத்தது. ஏலம் எப்போதும் பசுமையாக, எப்போதும் ஈரம் கேட்டு நிற்கும் செடி. அத்தி உறங்கும் செடி. ஒன்றை வளர்த்த ஊரின் வழக்கத்தை இன்னொன்றின் மீது நான் சாத்தியிருக்கிறேன்.

இலை உதிர்ந்ததற்கும் காரணங்கள் இருந்தன. பகல் குறுகி, இரவு குளிர்ந்தது ஒன்று. இலையடியில் இருந்த செம்பழுப்புப் பொடி இன்னொன்று: துருநோய். மழைக்கால ஈரத்தில் பரவும் பூஞ்சை. நம் பக்கத்து அத்திகள் பெரும்பாலும் இதனால்தான் சீக்கிரமே இலை கொட்டுகின்றன. உதிர்ந்த இலைகளை அங்கேயே மக்கவிட்டிருந்தேன், உரமாகட்டும் என்று. அப்பா அவற்றைக் கூட்டி அள்ளி எரிக்கச் சொன்னார்.

மறுநாள் வேலை நடந்தது. அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். உயிருள்ள இரண்டு செடிகளையும் தொட்டியைச் சாய்த்து மண்ணோடு வெளியே எடுத்தோம். வேர்கள் தொட்டியின் சுவரோரமாக வட்டவட்டமாகச் சுற்றிக் கிடந்தன. சில, தொட்டதும் தோல் கழன்று நாராகப் போயின. அவற்றை நல்ல வேர் தெரியும் இடம்வரை நறுக்கினோம். சுற்றிக் கிடந்த வெளிவேர்களில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம். வேரைக் குறைத்தால் மேலேயும் குறைக்க வேண்டும் என்று, காய்ந்த நுனிகளைப் பச்சை தெரியும் இடத்துக்குக் கீழே, ஒரு கணுவுக்குச் சற்று மேலாகக் கவாத்து செய்தோம். மக்கு மண்ணை அப்புறப்படுத்திவிட்டு, செம்மண், ஆற்றுமணல், நன்கு மட்கிய தொழுவுரம் மூன்றும் கலந்து நிரப்பினோம். பழைய சமையலறைச் சுவரை இடித்தபோது மூலையில் குவித்து வைத்திருந்த சுண்ணாம்புக் காரையில் இரண்டு பிடியைத் தூளாக்கிக் கலக்கச் சொன்னார். தொட்டிகளைத் தளத்தில் நேராக வைக்காமல், நீர்த்துளை அடைபடாதபடி செங்கல் மேல் ஏற்றினோம். ஒரே ஒருமுறை தண்ணீர். பிறகு வெயில்.

துருநோய்க்கு அவர் தயாரித்தது போர்டோ கலவை. ஒரு லிட்டர் நீருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் நீற்றுச்சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கியபடியே ஊற்றச் சொன்னார். வான நீலத்தில் ஒரு கலவை வந்தது. அவர் அதில் என் பழைய கதிரரிவாளின் நுனியை ஒரு நிமிடம் நனைத்துப் பார்த்தார். இரும்பில் செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, செடியைச் சுட்டுவிடும் என்று பொருள். சிவக்கவில்லை. தலையசைத்தார். மலையில் மழைக்காலம் தோறும் பீப்பாய் பீப்பாயாகக் கலந்து பழகிய கை, இரண்டு சுள்ளிகளுக்காக ஒரு லிட்டர் கலந்தது. அம்மா போனபின் அவர் முகத்தில் அப்படியொரு கவனத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் வந்ததுதான் கடினமான பகுதி: ஒன்றும் செய்யாமல் இருப்பது. விரலை விட்டால் இரண்டு கணு ஆழத்துக்கு மண் உலர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான், அதுவும் கொஞ்சமாக, தண்ணீர். பத்து நாட்களுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. காலையில் பழக்கத்தால் பூவாளியை எடுத்துக்கொண்டு மேலே போவேன். விரலால் மண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். கை சும்மா இருக்கும்போது மனது எவ்வளவு கூச்சலிடுகிறது என்பது அந்த நாட்களில்தான் தெரிந்தது. இருவேளையும் நான் தண்ணீர் ஊற்றியது செடியின் தாகத்துக்காக அல்ல. ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள. இந்த வாக்கியத்தை எழுதியபிறகு கரண்டியை நினைக்காமல் இருக்க முடியாது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்ட சுவரில் ஒரு சிறு விரிசல் உண்டு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காத்திருந்த நாட்களில் அத்தியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த, 11,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, கருகிய அத்திப்பழங்களைப் பற்றி 2006இல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவை விதையால் பெருகாத வகை. எனவே மனிதன்தான் குச்சி ஒடித்து நட்டிருக்க வேண்டும். தானியங்களுக்கும் முன்பே மனிதன் வளர்த்த மரம் அத்தியாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். மறுப்பவர்களும் உண்டு. இலையற்ற ஒரு குச்சியை நம்பி மண்ணில் ஊன்றிய அந்தப் பழைய கையை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது. நியூயார்க்கில் குடியேறிய இத்தாலியர்கள் ஊரிலிருந்து கொண்டுபோன அத்தியைப் பனிக்காலத்தில் துணியும் தார்ப்பாயும் சுற்றி, உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்பார்களாம். நமக்கு அருகில், 2016இல் புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் அத்தி விளையும் புனே மாவட்டத்தில், உழவர்கள் தண்ணீரை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுத்துக் கவாத்து செய்த பிறகே அடுத்த காய்ப்புக்கு விடுகிறார்கள். நான் பேரிழப்பாகக் கண்டதை அவர்கள் ஒரு பருவமாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் மாலை அப்பா தானாகவே பேசினார். 2024ஆம் ஆண்டுக் கோடையை ஏலமலையில் யாரும் மறக்கமாட்டார்கள். மழையின்றி, வெயில் தாங்காமல், இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் ஏலச்செடிகள் கூட்டம் கூட்டமாகக் கருகிப்போயின. அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். இருவரும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. “தட்டை கருகுனா எல்லாம் போச்சுன்னு சில பேரு பிடுங்கிப் போட்டுட்டான். சில பேரு மழை வந்த அன்னைக்கே மூட்டை உரத்தைக் கொட்டுனான். ரெண்டும் அவசரம். அடியில கிழங்கு இருக்கா, அமுக்கிப் பாத்தா கெட்டியா இருக்கான்னு பாக்கணும். இருந்தா புதுத் தட்டை வரும். வந்தப்புறம் சோறு போடு” என்றார். சற்று நிறுத்திவிட்டு, “கிழங்கு போனதுக்கு என்ன செஞ்சாலும் வராது. அதையும் தெரிஞ்சுக்கணும்” என்றார். அவர் ஏலத்தைப் பற்றித்தான் பேசினார். நானும் ஏலத்தைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டேன்.

மாசி பாதியில், மூன்றாவது செடியின் நுனியில் இருந்த கூர்மொட்டு கொஞ்சம் பருத்தது போலிருந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அது பிளந்து, மடித்து வைத்த கைக்குட்டை போல ஒரு தளிர் எட்டிப்பார்த்தது. இரண்டாவது செடி மேலும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, வெட்டிய இடத்துக்கு வெகு கீழே, அடித்தண்டிலிருந்து துளிர்த்தது. தளிர் வந்ததும் செய்யவேண்டியது என்ன? முதலில், மகிழ்ச்சியில் பூவாளியைத் தூக்காமல் இருப்பது. இலைகள் விரிய விரியத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். நான்கைந்து இலை முழுதாக விரிந்தபிறகே ஒரு பிடி தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும். வேப்பம்புண்ணாக்கு, வேரில் முடிச்சு போடும் நூற்புழுவுக்காக. அத்திக்கு அது தீராப் பகை. உரம் மிஞ்சினால் இலை தழைக்கும், காய் நிற்காது. பங்குனி வெயில் இளந்தளிரைக் கருக்கிவிடாதபடி இரண்டு வாரம் நண்பகலுக்கு மட்டும் அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றை மேலே கட்டினோம். அதை எடுத்துக் கொடுத்தது அப்பா.

ஆனி பிறந்தபோது மூன்றாவது செடியில், புதுக்கிளையில் இலைக்காம்பின் இடுக்குகளில் பதினோரு காய்கள் இருந்தன. நான்கு உதிர்ந்தன. மூன்றை மைனாக்கள் எங்களைவிட ஒருநாள் முன்னதாகக் கண்டுகொண்டன. மீதி நான்கில் முதலாவதை அப்பா இரண்டாகப் பிட்டுப் பார்த்தார். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்ற பழமொழி அவர் தலைமுறையின் கண்ணில் இருந்து போகாது. உள்ளே சிவப்பாக, சுத்தமாக இருந்தது. பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு, “உங்க அம்மா வாங்குற காய்ஞ்ச பழத்தைவிட இனிப்பு கம்மிதான்” என்றார். அது உண்மை.

செத்துப்போன செடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதைச் சில மாதம் எடுக்காமலே வைத்திருந்தேன். ஒருவேளை அடியிலிருந்து... என்ற நினைப்புதான். சித்திரையில் அப்பா அதைப் பிடுங்கச் சொன்னார். வேர் என்று சொல்ல ஒன்றுமில்லை. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அதைக் கொன்றது துருநோய் அல்ல, வாடை அல்ல, நான்தான். அந்தத் தொட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, தையில் கவாத்து செய்தபோது எடுத்துவைத்து மணலில் ஊன்றியிருந்த பென்சில் பருமன் குச்சிகளில் வேர்விட்ட ஒன்றை அதில் வைத்தோம். மூன்று செடி என்ற கணக்கு மீண்டும் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மூன்று தொட்டிகள் இருக்கின்றன.

அடுத்த கார்த்திகையும் வந்தது. மழை விட்டதும் இலைகள் மஞ்சளாகின. உதிர்ந்தவற்றை அன்றன்றே அள்ளினேன். மார்கழி பிறந்தபோது மாடி மறுபடி மொட்டையாகிவிட்டது. இலவமரங்களும் தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. இந்தமுறை நான் பதறவில்லை என்று எழுத ஆசைதான். முதல் இலை விழுந்த அன்று மாலை பூவாளியைத் தேடினேன், காணவில்லை. வீடெல்லாம் தேடியபிறகு அப்பாவின் கட்டிலுக்கு அடியில், அவருடைய பழைய ரப்பர் காலணிகளுக்குப் பக்கத்தில் அது இருந்தது. நான் குனிந்து பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். “மாசியில தர்றேன்” என்றார்.